பொன்சேந்தனின் காது

சேந்தனின் காதெலும்பு சுண்டைக்காய் அளவுதான் இருந்தது.

"இதுக்குள்ளதான் ராஜா உக்காந்திருக்காரு," என்றார் ஜெசிந்தா பர்னாந்து. "தும்மிராதடே நவநீதா. ரெண்டாயிரம் வருசம் பறந்து போயிரும்."

நான் தும்மவில்லை. மூச்சையே பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

எங்கள் ஆய்வகம் தூத்துக்குடியில், ஒரு பழைய உப்புக் கிடங்கின் மாடியில் இருந்தது. ஜெசிந்தா மேடம் காது மருத்துவராக இருந்து ஆய்வுக்கு வந்தவர். நான் ஒலிப் பொறியாளன். இயந்திரத்தை ஓட்டுவது என் வேலை. அதைத் திட்டுவது அவர் வேலை.

உடம்பின் மற்ற எலும்புகள் வாழ்நாள் முழுக்கக் கரைந்து, மறுபடி கட்டிக்கொண்டே இருக்கும். உட்காதைச் சூழ்ந்த எலும்பு மட்டும் விதிவிலக்கு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கட்டத் தொடங்கி, இரண்டு வயதுக்குள் இறுகிவிடும். பிறகு சாகும்வரை மாறாது. செத்த பின்னும் மாறாது. இவ்வளவும் முன்பே தெரிந்த செய்தி. மேடம் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டார். இறுகும் காலத்தில் அந்த எலும்பு சத்தத்தில் அதிர்ந்துகொண்டுதானே இருக்கிறது? அந்த அதிர்வின் தடம் எலும்பிலேயே நின்றுவிடாதா?

நின்றது. முதலில் ஒரு ஆட்டின் காதெலும்பை அடுக்கடுக்காகச் சீவிப் படித்தோம். பட்டியில் கட்டியிருந்த மணி கேட்டது. கூடவே யாரோ ஒருவர் ஆட்டைக் கெட்ட வார்த்தையில் கூப்பிடுவதும் கேட்டது. மேடம் அன்றைக்குக் கட்டடம் முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்.

ஒரே ஒரு சிக்கல். படிக்க வேண்டுமானால் சீவ வேண்டும். சீவிய அடுக்கு தூளாகிவிடும். படிக்கப் படிக்கத் தீர்ந்துபோகும் புத்தகம் அது. சேந்தனின் இடது காதை வேர்கள் தின்றுவிட்டன. வலது காது மட்டும் மிஞ்சியிருந்தது. எங்களுக்கு ஒரு வாய்ப்புதான்.

சேந்தன் என்ற பெயரை மேடத்திடம் சொன்னது நான்தான்.

பொன்னங்கரை என் மனைவியின் ஊர். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. இன்றைக்கு அங்கே வாழைத் தோட்டமும் இரண்டு டீக்கடையும்தான். ஒரு காலத்தில் மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் பொன்னை இறக்கிவிட்டு முத்தும் சங்கும் ஏற்றிப் போன துறை. அந்தத் துறையை ஆண்டவன் பொன்சேந்தன். ஊரில் அவன் சாமி. அவனுக்குக் கோயில் உண்டு, வருடா வருடம் கொடைத் திருவிழா உண்டு.

அவனைப் பற்றி ஊர் சொல்லும் கதைகளுக்கு முடிவே கிடையாது. முத்தை நெல்போல் குவித்து மரக்காலால் அளந்தான். அவன் குதிரைகள் வெள்ளித் தொட்டியில் தண்ணீர் குடித்தன. அவன் பிறந்தபோது துறையிலிருந்த பொன்னை எல்லாம் உருக்கித் தொட்டில் செய்தார்கள். தொட்டிலைச் சுற்றி முத்துச் சரங்கள். ஆட்டும்போது மழை பெய்வதுபோல் சலசலக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், அவன் 'இல்லை' என்ற சொல்லைக் காதால் கேட்டதே கிடையாது. அவன் எல்லைக்குள் யாரும் அதைச் சொல்லக் கூடாது. மீறிச் சொன்னவனை அவன் தண்டிக்க மாட்டான். என்ன வேண்டும் என்று கேட்டு, கை நிறையக் கொடுத்து, மறுபடி சொல்லாதபடி அனுப்பிவிடுவான்.

ஒரு முறை முத்துக் குளிக்கப் போய்த் திரும்பாத ஒருவனின் மனைவி சேந்தனிடம் வந்தாளாம். பொன் வேண்டாம், என் புருசனைக் கொடு என்றாளாம். சேந்தன் யோசித்தான். வருவான் என்றான். அவளை அரண்மனையிலேயே வைத்து, அவளுக்கு ஒரு இலையும் அவள் புருசனுக்கு ஒரு இலையும் தினமும் போடச் சொன்னான். அவள் சாகும்வரை போட்டார்கள்.

என் மாமனார் சுடலைமுத்து இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க மாப்ள என்பார். அவர்தான் கோயில் கொடைக் கமிட்டித் தலைவர். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. அவள் எத்தனை காலம் காத்திருந்தாள் என்பது கதையில் வராது.

கொடைக்குப் பந்தக்கால் நாட்டியதிலிருந்து கொடை முடியும்வரை பொன்னங்கரையில் யாரும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். கடையில் சீனி தீர்ந்திருந்தால், வரும் என்பார்கள். பஸ் போய்விட்டால், வரும் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குறை நிலைத்துவிடும், சொல்லாமல் பொறுத்தால் வந்து சேரும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். நான் தர்மபுரிக்காரன். கல்யாணமான புதிதில் கொடைக்கு வந்தபோது மனைவி முத்துச்செல்வி என் காதில் சொன்னாள்: "இங்க யார்கிட்ட வேணும்னாலும் கைமாத்து கேளுங்க. ஒருத்தரும் மறுக்க மாட்டாங்க. ஒருத்தரும் தரவும் மாட்டாங்க."

அவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது கொடைக்குக் கால் நாட்டியிருந்தார்கள். வலி முன்னாலேயே வந்துவிட்டது. நான் மதுரையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தேன். பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. அவளுடையது எளிதில் கிடைக்காத வகை. திருநெல்வேலியில் ஒரு ரத்த வங்கி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். ரத்தம் கிடைத்ததா, இங்கிருந்து எடுத்து வரவா என்று கேட்டேன்.

"வரும் மாப்ள," என்றார். "நீங்க நேரா வாங்க."

நேராகப் போனேன். ரத்தம் வரவில்லை.

மாமா அதன்பின் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. மற்றவர்கள் கேட்டால், வந்துகிட்டுதான் இருந்துச்சு என்பார். மகள் குழலி அவர்கள் வீட்டில் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன். பேசத் தொடங்கியதும் அவள் அம்மாவைக் கேட்டாள். வருவா என்று மாமா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பூனை போனாலும் வருவா, நிலா மறைந்தாலும் வருவா, அம்மாவும் வருவா.

எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அன்றைக்கு ரத்தம் இல்லை. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்காகத்தான் அவருடைய ராஜாவின் காதைத் திறக்க நினைத்தேன். முத்துத் தொட்டில் கேட்டால் கேட்கட்டும். கேட்காவிட்டால் கதை பொய் என்று அவர் முன்னால் வைக்கலாம்.

கோயில் பின்புறம் கரை சரிந்தபோது ஒரு பெரிய ஈமத் தாழி வெளிப்பட்டிருந்தது. உள்ளே முழு எலும்புக்கூடு. நெற்றியில் பொன் பட்டம். சேந்தன்தான் என்பதில் ஊருக்கும் சந்தேகம் கிடையாது, ஆய்வாளர்களுக்கும் கிடையாது. ஆனால் ஊர் சம்மதிக்காமல் யாரும் தொட முடியாது. நானும் மேடமும் போய் மாமாவிடம் பேசினோம். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"ராசா பேசுனது கேக்குமா டாக்டரம்மா?"

"கேக்காது அண்ணாச்சி. அவரு காதுல விழுந்ததுதான் கேக்கும். அதுவும் ரெண்டு வயசு வரைக்கும். ஒரு தடவ கேட்டது நிக்காது. திரும்பத் திரும்ப, ஆயிரம் தடவ கேட்டதுதான் எலும்புல படியும்."

மாமா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ரெண்டு வயசுன்னா, தொட்டிலு கேக்குமே."

அவ்வளவுதான். அவரே வீடு வீடாகப் போய் ஊரைச் சம்மதிக்க வைத்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். மதியக் கொடைப் பூசையின்போது, கோயில் வாசலில், ஊர் முன்னால்தான் முதலில் ஒலிக்க வேண்டும். மேடம் ஒப்புக்கொண்டார். எனக்கும் அதுதான் வேண்டும்.

வெளி அடுக்கில் தொடங்கி உள்ளே போனோம். அதாவது இரண்டு வயதிலிருந்து பின்னோக்கி. முதல் அடுக்குகளில் வெறும் இரைச்சல். நான் வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டேன். திடீரென்று இரைச்சலுக்கு ஒரு தாளம் வந்தது. ஏறியது, இறங்கியது, ஏறியது.

"கடல்டே," என்றார் மேடம்.

எங்கள் சன்னலுக்கு வெளியே கிடந்த அதே கடல். நான் சன்னலைச் சாத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். ஐயம் வேண்டாம் என்பதற்காக. ஆமாம், கடல்தான். அலைக்கும் அலைக்கும் நடுவே காக்கை. அதை நிறுத்த மனம் வரவில்லை. வெகு நாட்களாக நான் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்து வந்தது ஒரு அறுக்கும் சத்தம். நீளமாக, கரகரவென்று, பல் கூசும்படி. நாள் முழுக்க விடாமல் அறுத்திருக்கிறார்கள். எலும்பில் வேறெதையும் கேட்க விடாமல் அது நிரம்பியிருந்தது. நான் மரம் என்றேன். மேடம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அவர் பிறந்த வீட்டுக்கு அடுத்த கட்டடம் சங்குப் பட்டறையாம். இந்தச் சத்தத்தில்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தாராம்.

"சங்கு அறுக்கான். அரண்மனைக்குள்ள எவன்டே சங்கு அறுப்பான்?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மாமா தினமும் மாலையில் போன் செய்தார். தொட்டில் வந்துச்சா மாப்ள? ஒரு நாள் உண்மையிலேயே வந்துவிட்டது. சலசலப்பு. சீராக, ஆட்டும் தாளத்தில். மழை மாதிரியேதான் இருந்தது.  கதை மெய்யாகிவிட்டால் நான் மாமாவிடம் போய் என்ன சொல்வேன்?

மேடம் நம்பவில்லை. நகைக்கடை வைத்திருக்கும் தன் தம்பியிடமிருந்து முத்துச் சரங்கள் வாங்கி வந்தார். பட்டறையிலிருந்து சங்கு அறுத்த கழிவுத் துண்டுகளை ஒரு சாக்கில் கொண்டுவந்தார். இரண்டையும் தனித்தனியாகச் சேலைத் தொட்டிலில் கட்டி, நான் ஆட்ட, அவர் பதிவு செய்தார். கீழ்த்தளத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் யாருக்குக் குழந்தை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். முத்து மெதுவாக, வழுக்கிக்கொண்டு பேசியது. எலும்பில் இருந்தது அது அல்ல. வறண்ட, உடைந்த ஓசை. சங்குத் துண்டுகள். அச்சு அசல்.

கழிவை நூலில் கோத்துப் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கட்டியிருக்கிறார்கள்.

பொன்சேந்தன் சங்குப் பட்டறையில் பிறந்தவன். உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் அது தெரியும். மேடம் எழுந்து நின்று அறையைச் சுற்றி நடந்தார். ஒரு கூலிக்காரி மகன் நெற்றியில் பொன் பட்டம் எப்படி ஏறியது? கடற்கொள்ளையா, வணிகமா, படையா? எலும்புக்கு அது தெரியாது. அது ஏறுவதற்கு முன்பே இறுகிவிட்டது.

பிறகுதான் அந்தக் குரல் வந்தது.

பெண் குரல். சின்ன வயது. அதற்கு முன்னால் எப்போதும் ஒரு குழந்தையின் அழுகை. சேந்தனின் சொந்த அழுகை. அவன் அழுவான், அவள் ஏதோ சொல்வாள். அவன் அழுவான், அவள் அதையே சொல்வாள். சொல் இன்னும் கலங்கலாக இருந்தது. பழந்தமிழ் அறிந்த ஒருவர் வேண்டும் என்று காரைக்குடியிலிருந்து பேராசிரியர் நாச்சியப்பனை வரவழைத்தோம். அவர் ரயிலில் வந்து இறங்கும்போதே இரண்டு பைகள் நிறைய அகராதிகள். முதல் முறையாக ஒரு சங்க காலத் தமிழச்சியின் வாய்மொழியைக் கேட்கப் போகிறேன் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லியிருக்கிறார்; அந்த ஆள் பயந்துபோய் என்னைத் தனியாக அழைத்து விசாரித்தார்.

பேராசிரியர் வந்து சேர்வதற்குள் நான் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் குரலைத் துலக்கியிருந்தேன். முழுதாக நானே கேட்கவில்லை. அவருக்காக வைத்திருந்தேன். நாச்சியப்பன் ஹெட்போனை மாட்டினார். பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பேனாவை மூடினார். ஹெட்போனைக் கழற்றினார்.

"இதுக்கு நான் எதுக்குங்க?" என்றார். ஹெட்போனை என் பக்கம் தள்ளினார். "உங்களுக்கே புரியுமே."

ஒலிபெருக்கியில் போட்டேன்.

கடல். சங்கு அறுக்கும் ஓசை. குழந்தை அழுதது. பசித்த குழந்தையின் அழுகை. அதைப் புரிந்துகொள்ள எந்தக் காலத்து அகராதியும் வேண்டாம். அந்தப் பெண் சொன்னாள்.

"இல்லை."

தட்டிக்கொடுக்கும் ஓசை. அழுகை. "இல்லை." சங்குத் துண்டுகள் ஆடின. "இல்லை. இல்லை." எரிச்சலாக ஒரு முறை. கெஞ்சலாக ஒரு முறை. சில இடங்களில் அவளும் அழுதபடி.

ஈராயிரம் ஆண்டுகள் தாண்டி ஒரு சொல் வந்து எங்கள் நடுவே நின்றது. ஓர் எழுத்துக்கூடத் தேயவில்லை. நாச்சியப்பன் கைக்குட்டையை எடுத்தார். மேடம் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சத்தமாகச் சிரித்தேன்.

கிடைத்துவிட்டது. 'இல்லை' என்று கேட்டதே கிடையாதாம். அவன் எலும்பில் இருந்த பேச்சில் முக்கால்வாசி அது ஒன்றுதான். மதியக் கொடை, கோயில் வாசல், ஊர் மொத்தமும், மாமா முன்வரிசை. நான் பொத்தானை அழுத்துவேன்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி போனதிலிருந்து நான் சிரித்து அவர் பார்த்ததில்லை என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேராக உட்கார்ந்தார்.

"அந்த மனுசனுக்கு முதல்ல தனியாப் போட்டுக் காட்டு."

ஊர் முன்னால் என்றுதான் ஒப்பந்தம் என்றேன்.

"ஒப்பந்தம் போட்டது நான். நீ இல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஊர் நடுவுல வச்சு அவரு உசுர எடுத்தா செல்வி வந்துருவாளா?"

  மேடம் எழுந்து இயந்திரத்தின் பக்கம் போய் அதை அணைத்தார். எலும்பில் இன்னும் ஒரு கடைசி அடுக்கு மிச்சமிருந்தது. பிறப்பதற்கு முன்னாலான அடுக்கு. தாயின் வயிற்றுக்குள் அவன் கேட்டது. அதைச் சீவ வேண்டாம், அப்படியே தாழியில் திருப்பி வைத்துவிடலாம் என்றார். அறிவியலுக்கு அது பெரிய நட்டம். அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் ஒப்புக்கொண்டேன். செல்வி வயிற்றிலிருந்த குழலியிடம் என்ன பேசினாள் என்று எனக்கும் தெரியாது.

இந்த முறை கொடை சில வாரம் முந்தியே வந்துவிட்டது. கொடையன்று பொன்னங்கரையில் கால் வைக்க இடமில்லை. வாசல் முழுக்கப் பந்தல், வாழை, குலைகள். ராசாவின் தொட்டிலைக் கேட்க வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மேளக்காரர்களும் வில்லுப்பாட்டுக்காரர்களும் யார் முதலில் ஓய்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கரைவேட்டியில், நெற்றி நிறையத் திருநீறோடு மாமா அங்குமிங்கும் ஓடினார். இடுப்பில் குழலி. அவளுக்கு இருந்த கொஞ்ச முடியில் ஒரு முழம் பிச்சிப்பூ.

அவரைக் கோயில் சாமான் அறைக்குக் கூட்டிப்போனோம். மேடம் கதவைச் சாத்தினார். நான் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். குழலி அதன் கம்பியைப் பிடித்து இழுத்தாள்.

கடலைக் கேட்டதும் கண்ணை மூடினார். சலசலப்பு வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. தொட்டில் என்றார் எங்களைப் பார்த்து. நான் பேச வாயெடுத்தேன். மேடம் என் தோளைத் தொட்டார். அவரே மெதுவாகச் சொன்னார். முத்து கெடையாது அண்ணாச்சி, சங்குத் துண்டு. பட்டறைச் சங்கு.

மாமா தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை. அப்போது குரல் தொடங்கியிருக்க வேண்டும். அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். குழலியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மறுபடி கேட்டார்.

"பாலுக்கு அழுதான்," என்றார் கடைசியில். "கொடுக்க வழி தெரியாம அவ சொல்லுதா."

என்ன சொல்கிறாள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

"எத்தன தடவ கேட்டா எலும்புல ஏறும் டாக்டரம்மா?"

"ஆயிரக்கணக்குல அண்ணாச்சி."

"இந்தச் சொல்லக் கேட்டதே கெடையாதுன்னுல்லா கும்பிட்டுட்டுக் கெடந்தோம்." ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், சாமி சாமான் மாதிரி. "கேட்டு வயிறெரிஞ்சவன்லா அவன். இனி ஒருத்தர் காதுலயும் விழக் கூடாதுன்னு நெனச்சிருக்கான், பாவி மகன்."

நான் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. உங்கள் கதை பொய், மாமா. அந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதை பொய்தான். ஆனால் அது பிறந்த இடம் அவர் கையிலிருந்த ஹெட்போனுக்குள் இருந்தது.

வெளியே மேளம் நின்றது. நேரமாகிவிட்டது. அந்தச் சொல் வருகிறதே, கொடை இன்னும் முடியவில்லையே, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று மேடம் சொன்னார். மாமா எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார்.

"அவுக ஆத்தா சொன்ன சொல்லு. அவுக கோயில்ல கேக்கக் கூடாதா? போடுங்க."

போட்டேன்.

நான்கு திசையிலும் கட்டியிருந்த பெட்டிகளிலிருந்து கடல் வந்தது. கூட்டம் அடங்கியது. பிள்ளைகள் வாய் பார்த்தன. சலசலப்பு தொடங்கியதும் கிழவிகள் குலவையிட்டார்கள். தொட்டில், தொட்டில் என்று ஒரே முணுமுணுப்பு. ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள், ஒலிபெருக்கிக்குள் ராசா தெரிவார் என்பதுபோல்.

குழந்தை அழுதது.

குலவை நின்றது. அந்தப் பெண் சொன்னாள். ஊர் எல்லையில், கொடை நாளில், கோயில் வாசலில், நான்கு பெட்டியிலும் அந்தச் சொல் முழங்கியது. யாரும் அசையவில்லை. நான் கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தேன். கல் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். மறுபடி அழுகை. மறுபடி அந்தச் சொல். விளக்கம் சொல்ல மேடம் மைக்கோடு காத்திருந்தார். ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

முன்வரிசையில் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இருந்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் திடுக்கென்று குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. சேலையை இழுத்து மூடினாள். வெட்கத்தில் சிரித்தாள். பக்கத்திலிருந்த மாமியாரிடம் அவள் சொன்னது எனக்கே கேட்டது.

"அத்தே, ராசா அழுதாவ. எனக்குச் சுரந்துட்டு."

மாமியார் அதைப் பின்னால் சொன்னாள். பின்னால் இருந்தவள் அதற்கும் பின்னால் சொன்னாள். ராசா அழுதார், பாண்டியம்மாளுக்குப் பால் சுரந்துவிட்டது. பந்தல் முழுக்க அது ஓடியது. ஈராயிரம் வருடப் பசி. இப்போதுதான் ஒரு பதில் வந்திருக்கிறது. ஒரு கிழவி எழுந்து நின்று குலவையிட்டாள். அப்புறம் எல்லாரும். அப்படி ஒரு குலவையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மேளக்காரர் யாரும் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினார். நாச்சியப்பன் அழுதுகொண்டே கை தட்டினார். மேடம் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துச் சிரித்தார். என் நெஞ்சு மேளத்தோடு சேர்ந்து அடித்தது.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். குழலி அவர் இடுப்பில். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால், சத்தம் குறைந்த இடத்துக்கு என்னை இழுத்துப் போனார். திருநீறு வியர்வையில் கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"மாப்ள. அன்னிக்கு நீங்க திருநெல்வேலில நின்னு போன் பண்ணீயள்லா."

ஆமா என்றேன்.

"அவன் ஆத்தா நேராச் சொல்லிட்டா. பெத்த பிள்ளைட்டயே சொல்லிட்டா. நான் சொல்லல மாப்ள. கொடை நேரம்னு... சொல்லாம இருந்தா வந்துரும்னுதான்..."

அவர் வாய் கோணியது. சொல் தொண்டையில் இருந்தது. நான் எத்தனை இரவுகள் காத்திருந்த சொல். இன்னும் ஒரு மூச்சில் வந்துவிடும்.

குழலி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு வயது முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

கையை நீட்டினேன். என்னிடம் தாவி வந்தாள். அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்து, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்தினேன். ஒரு முறை கேட்டது எலும்பில் படியாது. அது எனக்குத் தெரியும். அந்த இயந்திரத்தை ஓட்டுபவனே நான்தான்.

"இப்ப சொல்லுங்க மாமா," என்றேன்.

"ரத்தம் இல்ல மாப்ள," என்றார். "எங்க தேடியும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "செல்வி இல்ல."

தாத்தாவின் வாய் அசைவதைக் குழலி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து, தன் வாயையும் அதுபோல அசைத்துச் சிரித்தாள். நான் கையை எடுக்கவில்லை.